நயாகராவில் எந்தச் சீட்டை முதலில் வாங்குவது?

நயாகரா அருவியை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பார்த்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நியூயார்க் நகரிலிருந்து ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் விடியற்காலையில் கிளம்பி, பகல் முழுவதும் சாலையிலேயே கழித்து, மாலையில் போய் இறங்கினோம். இரண்டு மணி நேரம்தான் தருவோம் என்று இறங்கும்போதுதான் சொன்னார்கள். வரிசையில் நின்றோம், நனைந்தோம், படம் எடுத்துக்கொண்டோம், திரும்ப ஏறினோம். இருட்டில் பேருந்து கிளம்பியபோது என் மகள், அப்போது அவளுக்குப் பத்து வயது, ஒரு கேள்வி கேட்டாள்: "இவ்வளவு தண்ணீர் நாள் முழுக்க விழுகிறதே, மேலே தீர்ந்துபோகாதா அப்பா?" என்னிடம் நல்ல பதில் இல்லை. பணம் கொடுத்துப் பார்த்த எதுவும் அந்தக் கேள்விக்கு அருகில்கூட எங்களைக் கொண்டுசென்றிருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு ஜூன் மாதத்தில், மூன்று நாள் ஒதுக்கிக்கொண்டு மறுபடியும் போனோம். இந்த மதிப்புரை அந்த மூன்று நாள் அனுபவத்திலிருந்து எழுதுவது. என் மகளின் வயதை ஒட்டிய இளம் வாசகர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து படித்தால் செலவைத் திட்டமிட அவர்களுக்கும் உதவும்.

முதலில் அந்தக் கேள்விக்கான பதில். நயாகரா ஒரு மலையருவி அன்று. மலையுச்சியில் ஊறும் சுனையோ, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடையோ அதற்குத் தண்ணீர் தருவதில்லை. வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தில் சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி ஆகிய நான்கின் உபரி நீரும் ஒரே வழியாக வெளியேறி, ஐந்தாவதான ஒன்டாரியோவைச் சேர வேண்டும். அந்த வழிதான் நயாகரா ஆறு. அதன் நீளம் 58 கிலோமீட்டர் மட்டுமே. அந்தச் சிறிய தூரத்துக்குள் ஆறு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே இறங்கியாக வேண்டும், அந்த இறக்கத்தில் பாதிக்கு மேல் அருவி இருக்கும் ஓரிடத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. உலகின் நிலப்பரப்பில் உள்ள நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஐந்து ஏரிகளில் இருக்கிறது. ஆகவே மேலே தீர்ந்துபோகாது. ஆனால் ஒரே ஒரு முறை, 1848 மார்ச் மாத இறுதியில், ஈரி ஏரியின் வாயிலில் பனிக்கட்டிகள் வந்து அடைத்துக்கொண்டதால் ஒரு நாளுக்கு மேலாக அருவி ஏறக்குறைய நின்றே போனது. நாள் முழுவதும் கேட்டுப் பழகிய இரைச்சல் அடங்கிப்போக, மக்கள் வெறும் ஆற்றுப்படுகையில் இறங்கி நடந்தார்கள்.

நயாகரா என்று நாம் ஒருமையில் சொன்னாலும் அங்கே விழுவது மூன்று அருவிகள். குதிரை லாடம்போல வளைந்திருக்கும் பெரிய அருவியில் ஆற்றுநீரில் பத்தில் ஒன்பது பங்கு விழுகிறது. உயரம் 57 மீட்டர், வளைந்த விளிம்பின் நீளம் 600 மீட்டருக்கும் மேல். கோட் தீவு என்ற சிறு தீவுக்கு அப்பால் அமெரிக்க அருவியும், அதை ஒட்டி மணப்பெண்ணின் முகத்திரைபோல மெல்லியதாக இறங்கும் பிரைடல் வெய்ல் அருவியும் இருக்கின்றன. உயரத்தை மட்டும் பார்த்தால் நயாகரா உலக வரிசையில் மிகவும் பின்னால்தான் நிற்கும்; வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவி 979 மீட்டர். நயாகராவின் பெருமை அகலத்திலும், ஒரு நொடியில் விழும் நீரின் அளவிலும் இருக்கிறது.

சீட்டு வாங்கும் முன் இன்னும் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு போங்கள். அவை தெரிந்தால் அங்கே காணும் ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரியும். முதலாவது, இந்த அருவி பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறது. விளிம்பின் மேலடுக்கு டோலமைட் என்ற கடினமான சுண்ணாம்புப் பாறை. அதன் அடியில் இருப்பதோ எளிதில் பொடியும் களிப்பாறை. விழும் நீரும் தெறிக்கும் சாரலும் அடியிலுள்ள மென்பாறையை அரித்துக் குடைந்துகொண்டே போக, மேல்பாறை தாங்குவதற்கு ஆளின்றிக் கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் தன் எடை தாளாமல் உடைந்து விழும். விளிம்பு அவ்வளவு தூரம் பின்னால் போய்விட்டது என்று பொருள். கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள் உருகி விலகியபோது, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், இந்த அருவி இன்றைய இடத்திலிருந்து 11 கிலோமீட்டர் கீழே இருந்தது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்போது அந்த வேகம் ஆண்டுக்கு முப்பது சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது என்பதுதான் இரண்டாவது செய்தி: அருவிக்கு வரவேண்டிய நீரில் பெரும்பகுதியை மனிதர்கள் வழியிலேயே மின்சாரத்துக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி சீட்டுகளுக்கு வருவோம். நாங்கள் நான்கு வாங்கினோம். விலைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவற்றை இங்கே எழுதவில்லை. எது பணத்துக்குத் தகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் ஓடுவது படகுக்குத்தான். அமெரிக்கக் கரையிலிருந்து மெய்ட் ஆஃப் தி மிஸ்ட் படகுகள் கிளம்புகின்றன, கனடாக் கரையிலிருந்து வேறொரு நிறுவனத்தின் படகுகள். அமெரிக்கப் படகில் நீல மழையங்கி தருவார்கள், கனடாப் படகில் சிவப்பு. இரண்டும் போய்ச் சேர்வது ஒரே லாடத்தின் வளைவுக்குள்தான் என்பதால் இரண்டிலும் ஏற வேண்டியதில்லை. பயணம் இருபது நிமிடம். அமெரிக்க அருவியின் பாறைகளை ஒட்டிப் போகும்வரை எல்லாரும் பேசிக்கொண்டிருப்பார்கள். படகு லாடத்தின் நடுவுக்குள் நுழைந்து, மூன்று பக்கமும் வெண்சுவர் எழுந்து, காற்றும் சாரலும் முகத்தில் அறையத் தொடங்கியதும் பேச்சு தானாகவே அடங்கிவிடும். கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாத அந்த மூன்று நான்கு நிமிடங்களுக்காகத்தான் இந்தச் சீட்டு. அதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

இந்தப் படகின் கதையும் சுவையானது. 1846இல் இது வேடிக்கை காட்டுவதற்காகத் தொடங்கப்படவில்லை. ஆட்களையும் சரக்குகளையும் அக்கரை சேர்க்கும் ஓடமாகத்தான் தொடங்கியது. 1848இல் ஆற்றின் மேல் தொங்குபாலம் வந்ததும் ஓடத்துக்கு வேலை குறைந்துபோனது. பிழைக்க வேறு வழியில்லாமல் அருவியைக் காட்டும் படகாக மாறியது. அந்தத் தொங்குபாலத்துக்கு முதல் இழையைக் கொடுத்தது ஒரு காற்றாடி. ஆழமான பள்ளத்தாக்கில் கயிற்றை அக்கரைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பொறியாளர்கள் யோசித்து, ஒரு காற்றாடிப் போட்டி வைத்தார்கள். ஹோமன் வால்ஷ் என்ற பதின்வயதுச் சிறுவனின் காற்றாடி நூல் அக்கரையில் சிக்கியது. அந்த நூலில் சற்றுத் தடித்த கயிறு, அதில் இன்னும் தடித்தது என்று கட்டி இழுத்து, முடிவில் இரும்புக் கம்பிவடத்தையே கொண்டுபோனார்கள். ஒரு சிறுவனின் காற்றாடிதான் இந்தப் படகைச் சுற்றுலாப் படகாக்கியது என்று சொன்னால் மிகையில்லை.

2020 முதல் அமெரிக்கக் கரையில் ஓடுபவை முழுக்க மின்கலத்தில் ஓடும் படகுகள். இரண்டு பயணங்களுக்கு இடையே, பயணிகள் இறங்கி ஏறும் நேரத்தில், அவற்றுக்கு மின்னூட்டம் ஏற்றிவிடுகிறார்கள். அந்த மின்சாரமும் நயாகரா நீரிலிருந்தே வருகிறது. விழும் தண்ணீரே தன்னைக் காட்ட வரும் படகை ஓட்டுகிறது என்பதைக் கேட்டபோது என் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். இரண்டு படகுகளில் ஒன்றின் பெயர் நிக்கோலா டெஸ்லா. அந்தப் பெயர் ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனாலும் படகை முதல் சீட்டாக வாங்க நான் சொல்லமாட்டேன். அது வியப்பைத் தரும், விளக்கத்தைத் தராது. அந்த இரைச்சலில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. வியப்பு மட்டும் மிஞ்சினால், எங்கள் முதல் பயணம்போல, கேள்வி பேருந்தில்தான் பிறக்கும்.

அமெரிக்கக் கரையில் மட்டும் இருக்கப்போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது கேவ் ஆஃப் தி விண்ட்ஸ் சீட்டு. பெயரில் குகை இருந்தாலும் இன்று அங்கே குகை இல்லை. பிரைடல் வெய்ல் அருவியின் பின்னால் உண்மையாகவே இருந்த குகை, 1954இல் பாறை சரிந்ததால் ஆபத்தானதாகி, பிறகு இடித்து அகற்றப்பட்டது. இப்போது மின்தூக்கியில் 53 மீட்டர் இறங்கி, அருவியின் காலடியில் கிடக்கும் பாறைகளின் மேல் போடப்பட்ட மரப்படிகளில் ஏறிப் போக வேண்டும். படிகளின் உச்சியில் சூறாவளித் தளம் என்று பெயர் பெற்ற மேடையிலிருந்து அருவிக்கு ஆறு மீட்டர்தான் தூரம். அங்கே மழையங்கி வெறும் சடங்குதான், உள்ளாடைவரை நனைவீர்கள். மாற்று உடை கட்டாயம் கொண்டுபோங்கள். 42 அங்குல உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளை அந்த மேடைக்கு விடுவதில்லை. தம்பி தங்கையை அழைத்துப் போகிறவர்கள் வீட்டிலேயே அளந்துகொண்டு போவது அழுகையைத் தவிர்க்கும்.

நான் இந்தச் சீட்டைப் பரிந்துரைப்பது நனைவதற்காக இல்லை. படிகள் ஏறும்போது உங்கள் இரு பக்கமும் வீடளவு பாறைகள் கிடக்கின்றன அல்லவா, அவைதான் முன்பு விளிம்பாக இருந்தவை. அருவி பின்னோக்கி நடக்கிறது என்று மேலே படித்தீர்களே, அதன் காலடித் தடம் இதுதான். பெரிய லாட அருவியில் விழும் பாறைகள் கண்ணில் படுவதில்லை. இந்தப் பக்கம் விழும் நீர் பத்தில் ஒரு பங்குதான், பாறைகளை அகற்றும் வலு அதற்கு இல்லை. அதனால் அமெரிக்க அருவியின் அடியில் பாறைக் குவியல் பாதி உயரம்வரை ஏறிவிட்டது. நீர் தடையின்றி விழும் உயரம் சில இடங்களில் 21 மீட்டர்தான். இந்தக் குவியலை அகற்றிவிடலாமா என்று ஆராய்வதற்காக 1969 ஜூன் மாதம் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் மேலே ஒரு தற்காலிக அணையைக் கட்டி, அமெரிக்க அருவியை நவம்பர்வரை முற்றிலும் நிறுத்தியே வைத்தார்கள். வறண்ட பாறைமுகத்தை ஆராய்ந்து, விரிசல்கள் சிலவற்றை இறுக்கிக் கட்டி, கடைசியில் பாறைகளை இயற்கையின் போக்கிலேயே விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். நீங்கள் பாறைகளின் நடுவே நடப்பது அந்த முடிவால்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மரப்படிகளில் புதிய பலகைகள் நிறைய இருக்கும். குளிர்காலத்தில் உறைந்து சேரும் பனிக்கட்டி படிகளை நொறுக்கிவிடும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் அவற்றைப் பிரித்து எடுத்து, வசந்தத்தில் மறுபடியும் கட்டுகிறார்கள். ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படும் இந்தப் படிக்கட்டே அருவியின் வலுவைப் பற்றி ஒரு பாடம்.

கனடாவுக்குள் போக அனுமதி உள்ளவர்களுக்கு என் முதல் தேர்வு வேறு. பெற்றோர் கவனத்துக்கு: ரெயின்போ பாலத்தை நடந்தே கடந்துவிடலாம், ஆனால் அது இரண்டு நாடுகளின் எல்லை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா இருந்தாலும் கனடா விசா தனியாக வேண்டும். இதைப் பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே கவனிப்பது நல்லது. மூன்று அருவிகளையும் நேர் எதிரே நின்று பார்ப்பது கனடாக் கரையிலிருந்துதான் என்பதால், அந்த முயற்சி வீணாகாது.

அங்கே லாட அருவிக்குச் சற்று மேலே, ஆற்றின் கரையில், கல் கட்டடமாக ஒரு பழைய மின்நிலையம் நிற்கிறது. 1905இல் இயங்கத் தொடங்கி, 2006இல் நிறுத்தப்பட்டு, 2021இல் பார்வையாளர்களுக்காகத் திறக்கப்பட்டது. நயாகரா பார்க்ஸ் பவர் ஸ்டேஷன் என்பது அதன் பெயர். மின்நிலையமா, பாடப்புத்தகம் போல இருக்குமே என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. என் மகளும் சுளித்தாள். உள்ளே நுழைந்ததும் நீண்ட மண்டபத்தில் நீலநிற ராட்சத மின்னாக்கிகள் பதினொன்று வரிசையாக நிற்பதைப் பார்த்தபின் அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

இந்த நிலையம் வேலை செய்த விதம் எளியது. அருவிக்கு மேலே ஆற்றிலிருந்து நீரை உள்ளே திருப்பி, செங்குத்தான பெருங்குழாய்களில் கீழே விழவிட்டார்கள். அடியில் இருந்த விசைச்சக்கரங்களை அது சுழற்ற, அவற்றின் நீண்ட தண்டுகள் மேலே மண்டபத்திலுள்ள மின்னாக்கிகளைச் சுழற்றின. அதாவது, அருவியில் விழ வேண்டிய நீரைக் கட்டடத்துக்குள் விழச் செய்தார்கள். வேலை முடிந்த நீர் என்ன ஆகும்? அது வெளியேற, பாறைக்குள் 670 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் வெட்டியிருந்தார்கள். கண்ணாடி பதித்த மின்தூக்கியில் 55 மீட்டர் இறங்கி, அந்தச் சுரங்கத்தின் வழியாகவே நீங்கள் நடக்கலாம். நூறு ஆண்டுகள் தண்ணீர் ஓடிய பாதையில் தண்ணீருக்குப் பதிலாக நாம் நடக்கிறோம். குளிர்ச்சி, ஈரக்கல் வாசனை, காலடிகளின் எதிரொலி. தொலைவில் நாணயம் அளவில் ஒரு வெளிச்சம். நடக்க நடக்க அது பெரிதாகி, அதனோடு இரைச்சலும் வளர்ந்து, சுரங்கம் முடியும் மேடையில் நின்றால் ஆறு காலடியில் ஓட, லாட அருவி பக்கவாட்டில் எழுந்து நிற்கிறது. படகில் அருவி நம்மைத் தாக்குகிறது. இங்கே அது நமக்குப் புரிகிறது. நான்கு சீட்டுகளில் என் முதலிடம் இதற்குத்தான்.

படகுக்குச் சூட்டிய, மின்பொறியாளர் டெஸ்லாவின் பெயரும் இங்கேதான் பொருள்படும். 1895இல் அமெரிக்கக் கரையில் ஆடம்ஸ் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் டெஸ்லாவின் மாறுதிசை மின்னோட்ட முறையைக் கொண்டு அதை அமைத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த மின்சாரம் பஃபலோ நகரத்தைச் சென்றடைந்தது. மின்சாரத்தை உண்டாக்கிய இடத்திலேயே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கி, தொலைவில் உள்ள ஊருக்கு அனுப்ப முடியும் என்பதை உலகம் நம்பியது இதன் பிறகுதான்.

நான்காவது சீட்டு, ஜர்னி பிஹைண்ட் தி ஃபால்ஸ். 38 மீட்டர் கீழிறங்கி, லாட அருவியின் பின்புறமாகப் பாறையில் குடைந்த வழியில் நடந்து, இரண்டு துளைகள் வழியாக அருவியைப் பின்னாலிருந்து பார்க்கலாம். பெயர் எழுப்பும் கற்பனை பெரிது. துளையில் தெரிவது வெள்ளைத் திரை மட்டுமே. கீழ்த்தளத்து மேடை நன்றாக இருக்கிறது. ஆனால் சுரங்கத்துக்குப் போனவர்கள் இதை விட்டுவிட்டால் பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டார்கள்.

சீட்டே இல்லாமல் பார்க்கக்கூடியவற்றில் வானவில்லைத் தவறவிடாதீர்கள். வானவில் தெரியச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆகவே கிழக்கு நோக்கிப் பார்க்கும் கனடாக் கரையில் பிற்பகலும், மேற்கு நோக்கிப் பார்க்கும் கோட் தீவு முனையில் காலையும் ஏற்ற நேரங்கள். மின்நிலையத்துக்கு அருகில் ஆற்றின் நடுவே துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புத் தெப்பத்தையும் தேடுங்கள். 1918 ஆகஸ்டில் இழுவைப் படகிலிருந்து அறுந்து, இரண்டு மனிதர்களோடு அருவியை நோக்கிப் போன அந்தத் தெப்பம், பாறையில் சிக்கி நின்றது. இரவு முழுவதும் தவித்த இருவரையும் மறுநாள் கயிறு கட்டி மீட்டார்கள். தெப்பம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது, 2019இல் ஒரு புயல் அதைக் கொஞ்சம் நகர்த்தும்வரை.

அதே இடத்திலிருந்து, லாட அருவிக்கு மேலே ஆற்றின் குறுக்கே கதவுகள் கொண்ட தாழ்வான அணை ஒன்றும் தெரியும். அதில் 18 கதவுகள். 1950இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தில் பகல் நேரங்களில் நொடிக்கு 2,832 கன மீட்டர் நீராவது அருவியில் விழ வேண்டும்; இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். ஆக, பகலில் ஒவ்வொரு நொடியும் 28 லட்சம் லிட்டர். ஆற்றில் வருவதோ அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. மீதியில் பெரும்பகுதி நிலத்தடிக் குழாய்கள், கால்வாய் ஆகியவற்றின் வழியாக இரு கரைகளிலும் உள்ள மின்நிலையங்களுக்குப் போய்விடுகிறது. கோடையில் பகல் என்பது காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணிவரை.

இதைக் கேட்ட என் மகள், கடைசி இரவில், பத்து மணிக்கு அருவி குறைவதைப் பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தாள். வண்ண விளக்குகள் லாடத்தின் மேல் மாறி மாறி விழ, கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு பத்தேகால்வரை நின்றோம். எந்த வேறுபாடும் தெரியவில்லை. தெரியாதபடிதான் செய்திருக்கிறார்கள் என்பதை அவளுக்கு விளக்கினேன்: கதவுகள் மெல்ல மெல்லத்தான் அசையும், நீர் குறைந்தாலும் திரை கிழியாமல் விளிம்பு முழுவதும் பரவி விழும்படி, 1950களிலேயே லாடத்தின் இரு ஓரங்களையும் செதுக்கிச் சீரமைத்துவிட்டார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்படியானால் தீர்ந்துபோகாமல் அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்களா, இல்லை ஏரிகளா?" என்றாள். விடுதிக்கு நடந்த வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம்.